கயித்தானின் பெனரில் இருந்த சொல்

1

இந்தக் கதை ஒரு கடிதமாக இருந்திருக்க வேண்டியது. மெற்றில்டா அக்கா கேட்டது கடிதம்தான்: சிங்களத்தில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், அவருடைய புருஷன் முன்பு வேலை செய்த படைப்பிரிவின் பெரியவருக்கு. கேட்டு நான்கு நாளாகிறது. நான்கு நாளும் காலையில் மேசைக்கு முன் இருந்து, தாளை எடுத்து, முகவரி எழுதி, திகதி போட்டு, அதற்கு மேல் கை ஓடாமல் எழுதப்பட்டதுதான் நீங்கள் வாசிக்கிற இது. செய்ய வேண்டியதைச் செய்யத் துணிவில்லாதவன் கதை எழுதுவான் என்று யாரும் சொல்லியிருக்கிறார்களோ தெரியாது. சொல்லியிருந்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கடிதத்தில் வரவேண்டிய விஷயம் சின்னது. ஆமியிலிருந்து ஓய்வுபெற்ற அவருடைய புருஷன் கயித்தானின் செத்தவீட்டுக்குத் தேசியக் கொடியோடு வந்த படையாட்கள், சந்தியில் தொங்கிய அஞ்சலிப் பெனரில் ஒரு சொல்லைக் கண்டு, பெட்டிமேல் கொடியைப் போர்த்தாமலே திரும்பிப் போனார்கள். அந்தச் சொல் அச்சடித்த கடைக்காரனின் பிழை, குடும்பத்துக்கும் அவரை அடக்கம் செய்த கோயில் சபைக்கும் அதில் பங்கில்லை, ஆகையால் வருஷப் பூசைக்காவது வந்து அவருக்குரிய மரியாதையைச் செய்யுங்கள் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தவன் கடைக்காரன் அல்ல. கடிதம் எழுதித் தா என்று மெற்றில்டா அக்கா யாரிடம் வந்து நின்றாரோ, அவன். அக்காவுக்கு அது தெரியாது.

அவனுக்கு யூட் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 'நான்' என்றுதான் எழுத வேண்டும், ஆனால் கை கூசுகிறது. தமிழில் ஒரு தொல்லை, 'நான்' என்பதை மறைத்தாலும் அது வினையின் வாலில் வந்து குந்திக்கொள்ளும்: போனேன், கேட்டேன், பேசாமல் நின்றேன். ஆகவே யூட் போனான், யூட் கேட்டான், யூட் பேசாமல் நின்றான். இப்படி எழுதினால் வெட்கம் பாதியாகும் என்று ஒரு நப்பாசை.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தாயிற்று. முதலாவது:

"சோழகக் காற்று முறிந்து, கற்பிட்டிக் கடனீரேரி அசைவற்றுக் கிடந்த அந்தக் காலையில், முதிய வீரனொருவனின் இறுதி மூச்சு தென்னந்தோப்புகளைக் கடந்து…"

வேண்டாம். கயித்தானின் உயிர் போகும்போது ஏரி எப்படிக் கிடந்தது என்று யூட்டுக்குத் தெரியாது. அவன் அப்போது பாணைப் பருப்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்த மாதிரி வாக்கியம் எழுதுகிற ஆசைதான் இவ்வளவுக்கும் காரணம் என்பது போகப்போகத் தெரியும்.

இரண்டாவது: "நாட்டுக்காகத் தன் உடலின் ஒரு பகுதியையே ஈந்த…"

இதுவும் இல்லை. கயித்தானுக்கு ஒரு கால்விரல் இல்லாமற் போனது உண்மை. ஆனால் அது சீனி வருத்தத்தில், ஓய்வுபெற்றுப் பதினாறு வருஷத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் எடுத்தது.

மூன்றாவது: "கயித்தான் பெர்னாந்து, வயது அறுபத்தாறு, போன வருஷம் வைகாசி மாதம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார்."

இதுதான் நடந்தது. இதிலிருந்து தொடங்கலாம்.

ஊர் அவரை 'ஆமிக் கயித்தான்' என்றது. தலவிலவுக்கும் மாம்புரிக்கும் இடையில் கிடக்கிற இந்தக் கரையில் கத்தோலிக்கர் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம் என்று வளர்ந்தவர்கள். இரண்டு பாஷையும் வாயில் வரும் என்பதால்தான் கயித்தானை ஆமியில் எடுத்து, வடக்குப் போகிற வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். யூட் ஒருமுறை அவரிடம் கேட்டான்.

"அங்க என்னத்த அண்ணன் செஞ்ச?"

"பஸ் வரும். இறங்குங்க எண்டு தமிழ்ல சொல்றது."

"வேற?"

"ஏறுங்க எண்டும் சொல்றது. பதினொரு வருஷம். அவ்வளவுதான் தம்பி என்ட யுத்தம்."

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: இறங்கின எல்லாரும் திரும்ப ஏறினார்களா என்று யூட் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கயித்தான் சொல்லியிருக்கவும் கூடும். கேட்க விருப்பம் வரவில்லை. கதையில் இந்த இடம் ஓட்டையாகவே இருக்கும். அதை அடைக்க எழுதுகிறவனிடம் ஒன்றுமில்லை.)

ஊருக்கு வந்தபின் அவர் நல்மரணச் சூசையப்பர் சபையில் சேர்ந்தார். இருபத்தைந்து வருஷம் ஊரில் யார் செத்தாலும் பெரிய சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர்தான். விரல் எடுத்த பிறகும் நொண்டி நொண்டித் தூக்கினார். "வேற யாரும் தூக்கட்டுமே" என்றால், "எனக்கு வரிசைக்கு முன்னால நிண்டுதான் பழக்கம்" என்பார். சிரிக்கிறாரா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

3

சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபது எழுபது ஆண்கள். வெள்ளை அங்கி, குறுக்கே ஊதாப் பட்டி. ஒருவரையொருவர் 'சகோதரர்' என்றுதான் அழைக்க வேண்டும். தோணியில் ஒருவருக்கொருவர் வாயில் வந்தபடி ஏசிக்கொள்கிறவர்களும் அங்கி போட்டதும் 'சகோதரர் வாருங்கள், சகோதரர் இருங்கள்' என்பார்கள். ஒரு சகோதரர் இறந்தால் பெட்டியை வேறு ஆள் தொடக்கூடாது. வீட்டிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து சவக்காலைக்கும் சகோதரரின் தோள்தான்.

யூட் அந்தச் சபையின் செயலாளர். தபால் கந்தோரில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். செயலாளர் பதவி அவனுக்கு வந்ததற்குக் காரணம் பக்தி அல்ல, எழுத்து. பூசையும் சிங்களமாகிவிட்ட பங்குக் கோயிலில் பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மரண அறிவித்தல், நன்றி நவிலல், திருநாள் நோட்டீசு எல்லாம் அவன் கையால்தான் போகும். 'யூட் எழுதினா எழுதினதுதான்' என்று ஆட்கள் சொல்வார்கள். ஆட்கள் சொன்னதைவிட அவன் தனக்குள் சொல்லிக்கொண்டது கூட.

கயித்தான் இறந்த அன்று பகல் பெனர் விஷயம் கதைத்தபோது மெற்றில்டா அக்கா தெளிவாகவே சொன்னார்.

"சிங்களத்தில மட்டும் போடு தம்பி. ஆமிக்காரங்க வருவாங்க. அவங்களுக்கு வாசிக்க விளங்கினாக் காணும்."

"மனுசன் தமிழ்ல செபம் சொன்ன ஆள் அக்கா. தமிழும் இருக்கட்டும்."

"ஓம், உனக்குத் தெரியும்தானே. வடிவாச் செய்."

மரித்தவரைத் தாய்ப்பாஷையில் வழியனுப்ப வேண்டும் என்று யூட் நினைத்ததாக இந்த இடத்தில் முதலில் எழுதப்பட்டிருந்தது. அந்த வரி வெட்டப்பட்டுவிட்டது. எழுதுகிறவனுக்கு யூட்மேல் இங்கே சந்தேகம். சந்தியில், முந்தல் பக்கம் போகிற வருகிற எல்லாரும் காண, தன் தமிழ் பத்தடி நீளத்துக்குத் தொங்க வேண்டும் என்றுதான் அவன் நினைத்தான். செத்தவீட்டிலும் அவனுக்குத் தன் தமிழ்தான் கண்ணில் நின்றது.

4

ஆமி முகாமிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தியில் கயித்தானை 'ரணவிரு' என்றிருந்தது. யுத்தத்துக்குப் போன தன் படையாளுக்கு அரசாங்கம் வைத்த மரியாதைப் பெயர் அது. அதற்குத் தமிழில் என்ன போடுவது? யூட் கயித்தான் வீட்டு முற்றத்தில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தான்.

போர்வீரர். சின்னதாக இருந்தது.

படைவீரர். விண்ணப்பப் படிவத்தில் நிரப்புகிற சொல் போல இருந்தது.

வீரர். கிரிக்கெட் விளையாடுகிறவரும் வீரர்தான்.

மாவீரர். இது நின்றது. பழைய தமிழ்ப் புத்தகமொன்றில் அலெக்சாந்தருக்குப் போட்டிருந்த சொல். வாயை நிரப்புகிற சொல். 'மாவீரர் கயித்தான் பெர்னாந்து அவர்களுக்கு எமது கண்ணீர் அஞ்சலி.' யூட் அதை மெதுவாக ஒருமுறை வாசித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

இந்த நாட்டில் தமிழ் வாசிக்கிற யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வேறிடத்தில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக: அதே யுத்தத்தில் மற்றப் பக்கத்தில், இயக்கத்தில் நின்று செத்தவர்களுக்கு வடக்கில் வழங்கிய பெயர் 'மாவீரர்'. அவர்களுக்கு விளக்கேற்றப்படும் நாள் ஒன்று உண்டு, அந்த நாளில் பொலிஸ் சுற்றி நிற்பதும் உண்டு. பஸ்ஸை மறித்து 'இறங்குங்க' என்று சொன்ன ஆமிக்காரனின் பெட்டிக்கு மேல் அந்தச் சொல்லைத் தூக்கிக் கட்டினான் யூட்.

அவனுக்குத் தெரியாதா? இதற்கு இரண்டு வடிவம் எழுதப்பட்டுள்ளது. ஒன்றில், அந்த நேரம் அவனுக்கு அது ஞாபகமே வரவில்லை. இந்தக் கரைக்கு வடக்கு தூரம், யானைக்கும் அடி சறுக்கும். மற்றதில், ஞாபகம் வந்தது. வந்ததும், சொல் என்ன ஒருவருடைய சொத்தா, அகராதியில் இருக்கிறதை எழுத யாரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துத் தள்ளிவிட்டான். முதலாவதை எழுதியபோது எழுத்து தங்குதடையின்றி வந்தது. ஆகவே இரண்டாவதுதான் உண்மையாக இருக்க வேண்டும்.

முந்தலில் அச்சகம் வைத்திருக்கிற ரிஷாத்துக்குத் தெரிந்தது. முப்பது வயதுப் பிள்ளை, சபையின் எல்லா வேலையும் அவனிடம்தான். அச்சடிக்க முன் பெனரின் படத்தை யூட்டின் போனுக்கு அனுப்பி, குரலிலும் சொன்னான்.

"யூட் அண்ணன், மேல இருக்குற அந்தச் சொல்லு எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஒருக்காப் பாருங்க. மாத்துறதெண்டா இப்பவே மாத்திடுவன்."

யூட் குரலிலேயே பதில் அனுப்பினான். ஒன்பது செக்கன்.

"தம்பி ரிஷாத், தமிழ நான் பாத்துக்கொள்றன். நீங்க அச்சடிக்கிறதப் பாத்துக்கொள்ளுங்க. ஒரு எழுத்தும் மாத்த வேணாம்."

5

அடக்கத்தன்று காலை. வீதி நெடுக வெள்ளைக் கொடி. சந்தியில் இரண்டு தென்னைக்கு நடுவே பெனர். ஒன்பதரை மணிபோல முகாம் ஜீப் வந்து, வீட்டுக்கு வராமல் சந்தியிலேயே நின்றது. இறங்கினவர்களில் ஒருவனுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியும். அவன் வாசித்து அதிகாரியின் காதில் என்னவோ சொன்னான். அதிகாரி போன் எடுத்தார். கால் மணித்தியாலத்தில் பொலிஸ் வந்தது.

சபையார் அங்கியோடு சந்தியில் கூடி நின்றார்கள். யூட்டும் நின்றான். அந்த நேரம்தான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. பொலிஸ்காரர் சத்தம் போடவில்லை. பெனரைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மே பெனர் எக்க கெஹுவே கவுத?"

கெஹுவே என்றால் அடித்தது. இந்தப் பெனரை அடித்தது யார் என்று கேட்டார். எழுதினது யார் என்று கேட்பதென்றால் 'லிவ்வே கவுத' என்று கேட்டிருப்பார். கேட்கவில்லை. முப்பது வருஷம் இரண்டு பாஷைக்கும் நடுவில் கடிதம் பிரித்தவனுக்கு அந்த இடைவெளி தெரிந்தது. ஒரு ஆள் புகுந்து போக அது போதும்.

பெனரின் கீழ் மூலையில், சின்ன எழுத்தில், கடையின் பெயரும் போன் இலக்கமும் இருந்தன. யூட் கையை நீட்டி அதைக் காட்டினான். வாய் திறக்கவில்லை.

பொய் சொல்லவில்லை. (இதுவரை எழுதியதில் எழுதுகிறவனுக்கு ஆகக் கூடுதலாக வெட்கம் தருவது 'பொய் சொல்லவில்லை' என்ற இந்த இரண்டு சொல்தான். வெட்டிவிடலாம் என்று மூன்று முறை பேனை போனது. பதினொரு மாதமாக அவன் படுக்கப் போகும்போது தனக்குச் சொல்லிக்கொண்டது அதுவே என்பதால் கிடக்கட்டும்.)

"முந்தல்ல ஒரு சோனகப் பொடியன்ட கடை" என்றார் சபைத் தலைவர். பின்னால் இருந்து இன்னொரு சகோதரர், "யூட் எழுதிக் குடுத்தத அவன் வேணுமெண்டே மாத்தியிருப்பான்" என்றார். உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில் குண்டு வெடித்த பிறகு இந்தக் கரையில் ஒரு முஸ்லிமைப் பற்றி அப்படிச் சொல்ல யாருக்கும் இரண்டு தரம் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. யாரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடிய ஒரே ஆள் தன் ஊதாப் பட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் முந்தல் வரைக்குமான ஆறு கட்டைத் தூரம்.

அதிகாரி வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்கு முன் ஒரு நிமிஷம் நின்றார். மெற்றில்டா அக்கா பெட்டிமேலிருந்த மலர்வளையங்களை எடுத்து ஓரமாக வைத்து, கொடி விரிக்க இடம் விட்டிருந்தார். கொடி ஜீப்பிலேயே இருந்தது. இந்த நிலைமையில் மேலிடத்தில் கேட்காமல் செய்ய முடியாது என்று அதிகாரி சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகும் அக்கா வளையங்களைத் திரும்ப வைக்கவில்லை. பெட்டி தூக்கும் வரைக்கும் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது.

ஊரில் முப்பது வருஷம் அவருடைய புருஷனை 'ஆமிக்காரன்' என்று ஒரு மாதிரித்தான் சொன்னார்கள். அந்தக் கொடி ஒருமுறை அந்த வாசலால் வந்திருந்தால் அவருக்குப் போதும். இந்தப் பெண்ணுக்கு என்ன செய்யப்பட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

பத்தரைக்கு ரிஷாத்தைக் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

6

இப்போது எழுதவேண்டியது, எழுதாமல் விட்டால் கதை இல்லை என்கிற இடம்.

சபையில் 'பொறுத்தல் கேட்டல்' என்று ஒரு வழக்கம். சவக்காலையில் பெட்டியை இறக்க முன் செயலாளர் முன்னால் வந்து, பெட்டியின் தலைமாட்டில் கை வைத்து, மரித்தவருக்குப் பதிலாகப் பேச வேண்டும். அவரைப் பற்றி அல்ல, அவராக. சபைப் புத்தகத்தில் வசனம் இருக்கிறது: "என் சகோதரரே, நான் உங்கள் நடுவில் சீவித்த காலத்தில் சொல்லாலும், செயலாலும், செய்யாமல் விட்டதாலும் யாருக்காவது பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்." கூடி நிற்கிற சகோதரர் எல்லாரும் "பொறுத்தோம்" என்பார்கள். மூன்று தரம்.

யூட் அதை நாற்பது ஐம்பது பெட்டிக்குச் சொல்லியிருப்பான். மனப்பாடம். புத்தகத்தைத் திறப்பதுகூட இல்லை.

அன்று நாலரை மணி. கடற்காற்றில் அங்கிகள் அடித்துக்கொண்டிருந்தன. யூட் பெட்டியில் கையை வைத்து, "நான்" என்று தொடங்கினான். தொடங்கியதும் அந்தச் சொல் அவனைப் பிடித்துக்கொண்டது. முதல் தரம் குரல் இறங்கியது. பொறுத்தோம் என்றார்கள். இரண்டாம் தரம் 'சொல்லாலும்' என்ற இடத்தில் தடக்கியது. பொறுத்தோம் என்றார்கள். மூன்றாம் தரம் 'செய்யாமல் விட்டதாலும்' என்று வந்தபோது அழுதுவிட்டான். அறுபது ஆண்கள், தோணி தள்ளுகிற குரலில், பொறுத்தோம் என்றார்கள்.

அந்த நேரம் ரிஷாத் பொலிசில் ஒரு மர வாங்கில் இருந்தான்.

செத்தவனுக்கென்று வைத்திருந்த பொறுத்தலை உயிரோடிருந்தவன் எடுத்துக்கொண்டான். எடுத்தது மட்டுமில்லை, எடுத்ததும் அவனுக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. அதுதான் சொல்லக் கூசுவது. நல்ல காற்று வந்தது போல மூச்சு வந்தது. பசிக்கவும் செய்தது.

சவக்காலை வாசலில் மெற்றில்டா அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட மனுசனே உன்ட வாயால கேட்டது போல இருந்திச்சு தம்பி. அந்தக் கொடிய விட இது காணும் எண்டு நெனச்சன்."

யூட் தலையை ஆட்டினான்.

7

எட்டு நாள் கழித்து முந்தலுக்குப் போனான். ஏன் எட்டு நாள் என்று கேட்டால், எட்டாம் நாள் வீட்டில் உப்பு முடிந்திருந்தது, கடைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. அவன் மனம் உறுத்திப் போனதாக எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும்.

ரிஷாத்தின் மேசையில் கம்பியூட்டர் இருந்த இடத்தில் தூசி படாத சதுரம் ஒன்று இருந்தது. அவன் எழும்பி, கதிரையைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க அண்ணன், இருங்க. பிளேன்டி குடிப்பீங்கதானே."

"கம்பியூட்டர் இன்னும் தரல்லயா?"

"இன்னும் பாக்குறாங்களாம். உள்ளுக்கு இருக்குறது கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும்தான். பாத்து முடிக்கட்டும்."

பிளேன்டி வந்தது. யூட் அதைக் குடித்தேன். [குடித்தான்.] தேத்தண்ணி சூடாக இருந்தது, வாய் வெந்தது, வெந்தது நல்லதாகப் பட்டது.

"தம்பி, நான் அனுப்பின அந்த வொய்ஸ்…"

"இருக்கு அண்ணன். போன்லதான் இருக்கு."

"அத அவங்களுக்குக் காட்டியிருக்கலாமே. அப்பவே விட்டிருப்பாங்க."

ரிஷாத் அவனைப் பார்க்காமல், கையில் இருந்த போட்டோப் பிரதிகளை அடுக்கிக்கொண்டே சொன்னான்.

"என்னப் பத்தரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உங்கட மையத்து எடுக்குறது மூணு மணிக்கு. நோட்டீசு நான்தானே அடிச்ச, எனக்குத் தெரியும். நீங்கதான் எல்லாம் செய்ற ஆள். உங்கள அங்க கொண்டுவந்து உக்கார வச்சா மையத்த யாரு எடுக்குற? மையத்தக் காக்க வைக்கப்படாது அண்ணன். அடக்கி முடியட்டும், முடிஞ்சதும் நீங்களா வந்து சொல்லுவீங்க எண்டு நெனச்ச."

யூட் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஆறு மணிக்கு விட்டாங்க" என்றான் ரிஷாத். "நீங்க வாறீங்களா எண்டு வாசல்ல நிண்டு நான் ஒருக்காப் பாத்த. அடுத்த நாளும் பாத்த."

"நான் போய்ச் சொல்றன் தம்பி. நாளைக்கே போறன்."

"சொல்றதெண்டா அங்க சொல்லுங்க. எனக்கிட்டச் சொல்லத் தேவல்ல, எனக்குத்தான் தெரியுமே." பிரதிகளை அடுக்கி முடித்து ஒரு கல்லை மேலே வைத்தான். "உங்கட சபை வேலைகள இனி வேற கடையில குடுங்க அண்ணன். கோவமில்ல. குடுங்க."

நாளைக்கே என்று சொன்ன அந்த நாளைக்கு இப்போது பதினொரு மாதம் வயது.

8

முடிவுகள்.

முதல் முடிவில் யூட் அங்கியும் பட்டியும் போட்டுக்கொண்டு பொலிசுக்கு நடந்து போய், எழுதினது நான் என்கிறான். அங்கி எதற்கு? அதிலும் அவனுக்கு ஒரு ஊர்வலம் வேண்டியிருக்கிறது. கைவிடப்பட்டது.

இரண்டாவதில் மெற்றில்டா அக்காவிடம் சொல்கிறான், அவர் அழுது மன்னிக்கிறார். இது அக்காவுக்கான முடிவு அல்ல, யூட்டுக்கு வசதியான முடிவு. ஒரு பொறுத்தலைக் களவெடுத்தவன் இன்னொன்றுக்குக் கை நீட்டுகிறான்.

மூன்றாவதில் கடிதம் கேட்டபடியே போகிறது. வருஷப் பூசைக்கு முகாம் ஆட்கள் கொடியோடு வருகிறார்கள். அக்கா அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். ஊர் பார்க்கிறது. ரிஷாத்தின் பெயர் ஒரு கோப்புக்குள் போய், பிழை செய்தவன் என்று, யூட்டின் அழகான கையெழுத்தில், என்றைக்கும் கிடக்கிறது. நடக்கக்கூடியது இதுதான். இதில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் சந்தோஷம், அந்த ஒருவரும் சபைக்காரர் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மெற்றில்டா அக்கா சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. முகாமில் தமிழ்க் கதை வாசிக்கிறவர்கள் இல்லை. ரிஷாத் வாசிப்பது அச்சுக்கு வருகிறதை மட்டும், இதை அவனிடம் அச்சுக்குக் கொடுக்க முடியாது. ஆக, யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களில் ஒருவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துத்தான் எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. யூட் என்பது இதை எழுதுகிறவனின் ஞானஸ்நானப் பெயரும் அல்ல. நல்ல தமிழில் ஒளிந்துகொள்ளத் தாராளமாக இடம் இருக்கிறது.

9

சற்று முன் அக்கா வந்துவிட்டார். பூசைக்கு இன்னும் மூன்று கிழமைதான். கதிரையை மேசையோடு இழுத்துப் போட்டு இருக்கிறார்.

"எழுதிட்டியா தம்பி?"

"முடியப் போகுது அக்கா."

"அந்தக் கடைக்காரப் பொடியன்ட பேரையும் வடிவாப் போடு. பேர் இல்லாட்டி அவங்க நம்ப மாட்டாங்க. போட்டிட்டு வாசிச்சுக் காட்டு, நான் கையெழுத்து வைக்கிறன்."

யூட் இன்று விடிய ஒருவாறு எழுதிப் பார்த்த சிங்களத் தாளை எடுத்து வாசிக்கிறான். மதிப்புக்குரிய ஐயா. கணவரின் பெயர், இலக்கம், சேவைக்காலம். இறந்த திகதி. சபையின் மரியாதையோடு அடக்கம் நடந்தது என்பது. சந்தியில் தொங்கிய பெனர். அதில் வந்த சொல். 'அச்சொல்லை அதில் எழுதியவர்' என்பது வரைக்கும் மை இருக்கிறது. அதற்குப் பிறகு வெறும் தாள். அவன் நிறுத்துகிறான்.

அக்கா தாளைப் பார்க்கிறார், அவன் முகத்தைப் பார்க்கிறார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துத் திரும்பப் போடுகிறார்.

"ஏன் தம்பி நிப்பாட்டின? யாரு எழுதினது எண்டு போட்டிருக்காய்?"

கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். எழுதுகிறவன் இந்த இடத்தில் பேனையை வைக்கிறான். விடை உங்களுக்கும் தெரியும். அவன் வாய் திறக்காவிட்டால் நீங்களாவது அக்காவுக்குச் சொல்லிவிடுங்கள்.